மைலேஜ் பார்த்து சின்ன கார்: பெட்ரோலா, ஹைப்ரிட்டா, மின்சாரமா?

சின்ன கார் ஒன்று வாங்கி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான். அடுத்த கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. "எனக்கும் இது மாதிரி ஒன்றுதான் வேண்டும். ஆனால் பெட்ரோலே போதுமா, கொஞ்சம் கூடப் போட்டு ஹைப்ரிட் எடுப்பதா, இல்லை நேராக மின்சாரத்துக்கே போய்விடுவதா?" இந்த இடத்தில் வந்து மாதக்கணக்கில் நின்றுவிடுபவர்கள் நிறையப் பேர். பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் உட்பட மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு லிட்டர் கொள்ளளவில் மூன்று சிலிண்டர் இன்ஜின் உள்ள பெட்ரோல் காரை எடுத்தேன். என் பேச்சில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் மைலேஜ் அல்ல, வருடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும்.

லிட்டருக்கு 10 கி.மீ. ஓடும் காரை விட்டு 15 ஓடும் காருக்கு மாறுகிறீர்கள். 100 கி.மீ.க்கு 10 லிட்டர் குடித்த இடத்தில் இப்போது 6.7 லிட்டர். மிச்சம் 3.3. அடுத்து, 20 ஓடும் காரை விட்டு 30 ஓடும் காருக்கு மாறுகிறீர்கள். 5 லிட்டர் 3.3 ஆகிறது. மிச்சம் 1.7 மட்டுமே. முதல் மாற்றத்தில் மைலேஜ் 5 கூடியது, இரண்டாவதில் 10 கூடியது. பெட்ரோல் பங்கில் மிச்சமானதோ முதல் மாற்றத்தில்தான் இரு மடங்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டால் விளம்பர எண்கள் பாதி பலம் இழந்துவிடும். பெரிய காரிலிருந்து சின்ன காருக்கு இறங்கும்போதே சேமிப்பின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஹைப்ரிட்டோ வேறு எதுவோ மிச்சப்படுத்துவதற்கு மீந்திருப்பது சின்னத் துண்டுதான். அந்தத் துண்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் உண்மையான கேள்வி.

மற்ற அளவுகோல்கள் இவை:

- ஓட்டம் எங்கே? நெரிசலில் நின்று நின்றா, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்திலா, இரண்டு மூன்று கிலோமீட்டர் துண்டு துண்டாகவா?
- இரவில் கார் எங்கே நிற்கும்? அங்கே உங்கள் பெயரில் மின் இணைப்பு இருக்கிறதா?
- எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்?
- பெரும்பாலான நாள் எத்தனை பேர் ஏறுவார்கள்?
- எரிபொருள் தவிர்த்த செலவுகள்: இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, விற்கும்போது விழும் விலை.

ஷோரூம் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்தது. நாட்டுக்கு நாடு முறை வேறு. ஐரோப்பாவிலேயே 2017இல் பழைய சோதனைக்குப் பதிலாக டபிள்யூ.எல்.டி.பி. என்ற கடுமையான முறை வந்தது. ஒரு காரின் பழைய முறை எண்ணையும் இன்னொரு காரின் புதிய முறை எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் புதிய கார்தான் அநியாயமாகத் தோற்கும்.

## எந்த இன்ஜின் போட்டாலும் சின்ன கார் சின்ன கார்தான்

மூன்று வகைக்கும் பொதுவாக இருப்பவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கிய புதிதில் மனதில் பதிவதெல்லாம் இவைதான், இன்ஜின் அல்ல.

நிறுத்துவது சுகம். இது விளம்பரத்தில் வருவதைவிட நிஜத்தில் பெரிது. மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் இடைவெளியில் நாம் நுழைந்துவிடுகிறோம். குறுகலான தெருவில் ஒரே வெட்டில் திரும்பிவிடலாம். பழைய காரில் இல்லாத ஒரு தைரியம் ஓட்டுபவருக்கு வந்துவிடுகிறது.

நெடுஞ்சாலையில் அந்தத் தைரியம் கொஞ்சம் இறங்கும். கனரக லாரி முந்திப் போகும்போது காற்று பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, ஆனால் கவனமாக இருக்க வேண்டும். வேகம் கூடக்கூட டயர் சத்தம் உள்ளே வருகிறது. எடையைக் குறைக்கச் சத்தம் தடுக்கும் பொருளைத்தான் முதலில் கழிக்கிறார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மழுப்ப முடியாது. எடை குறைந்த காரும் எடை கூடிய காரும் நேருக்கு நேர் மோதினால், எடை குறைந்ததன் வேகம்தான் சட்டென்று அதிகம் மாறும். அதில் இருப்பவர்கள் வாங்கும் அடியும் அதிகம். விபத்துச் சோதனையில் கிடைக்கும் நட்சத்திரங்களை ஏறக்குறைய ஒரே எடையுள்ள கார்களுக்குள்தான் ஒப்பிட வேண்டும். ஐந்து நட்சத்திரம் வாங்கிய சின்ன காரும் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பெரிய காரும் சமம் அல்ல. இது உங்களை உறுத்தினால், மைலேஜ் கணக்கை இத்தோடு நிறுத்திவிட்டு ஒரு அளவு பெரிய கார் பாருங்கள். அதில் தவறே இல்லை.

எடையும் உருவமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சாட்சி 1999இல் வந்த ஹோண்டா இன்சைட். இரண்டே இருக்கை, அலுமினிய உடல், 900 கிலோவுக்கும் குறைந்த எடை, காற்றைக் கிழித்துப் போகும் உருவம், பின்சக்கரங்களுக்குக்கூட மூடி. அதன் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு மின் மோட்டார் ஓர் உதவியாள் மட்டும்தான். பேருக்கு ஹைப்ரிட் என்றாலும் அதன் சிக்கனத்தில் பெரும்பங்கு எடைக்கும் உருவத்துக்கும் உரியது.

## சின்ன பெட்ரோல் கார்

ஸ்டார்ட் செய்ததும் மூன்று சிலிண்டர் இன்ஜினின் லேசான அதிர்வு இருக்கையில் தெரியும். அது கோளாறு அல்ல. நான்கு சிலிண்டரில் பிஸ்டன்கள் ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்று ஈடுகட்டிவிடும். மூன்றில் அந்த ஈடு முழுமையாக இருக்காது. ஓட ஆரம்பித்ததும் அடங்கிவிடுகிறது.

ஏசி போட்டால் காருக்குத் தெரிகிறது. பெரிய இன்ஜினுக்கு ஏசி கம்ப்ரஸர் ஒரு பொருட்டே இல்லை. ஒரு லிட்டர் இன்ஜினுக்கு அது தோளில் ஏறிய சுமை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது ஒரு கியர் இறக்காமல் முடியாது. முந்துவதாக இருந்தால் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். தனியாகவோ இரண்டு பேராகவோ ஓட்டினால் இந்தக் குறை எதுவும் கண்ணில் படாது.

சிக்கனம் யார் கையில் என்றால், பெரும்பாலும் வலது காலில். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80இல் போவதைவிட 100இல் போகும்போது அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். நெடுஞ்சாலையில் 80, 85 என்று போனால் இந்தக் கார் ஹைப்ரிட்டுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அதே கார் நெரிசலில் மாட்டினால் எண் மளமளவென்று சரிகிறது. டேஷ்போர்டில் காட்டும் மைலேஜை அப்படியே நம்பாதீர்கள், பெரும்பாலும் சற்றுக் கூட்டித்தான் காட்டும். ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் போட்டு வகுத்துப் பார்ப்பதுதான் சரியான கணக்கு. அதுவும் ஒருமுறை போதாது.

மறைவான செலவுகள் குறைவு என்பதுதான் இதன் பலம். ஆனாலும் உண்டு. சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் வசதி இருந்தால் அதற்கென்று தனி வகை பேட்டரி வேண்டும். சாதாரண பேட்டரியைவிட விலை கூட. டயர் ஒல்லியானது. அழகுக்காக அகலமான டயர் மாட்டினால் எந்தச் சிக்கனத்துக்காகக் காரை வாங்கினீர்களோ அதில் ஒரு பங்கு போய்விடும். பல சின்ன கார்களில் ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதில் பஞ்சர் ஒட்டும் திரவமும் ஒரு குட்டி பம்பும் தருகிறார்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது, வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

குட்டி டர்போ இன்ஜின் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: பிக்கப் வேண்டும் என்றால் எடுங்கள். மைலேஜுக்காக எடுக்காதீர்கள். மிதித்து ஓட்டினால் டர்போ தாராளமாகக் குடிக்கும். மிதிக்காமலே ஓட்டப் போகிறீர்கள் என்றால் டர்போ எதற்கு?

வருடத்துக்கு 10,000 கி.மீ.க்குள் ஓட்டுபவர், நெடுஞ்சாலையும் ஊருக்குள்ளுமாகக் கலந்து ஓட்டுபவர், வாங்கும் விலையில் இறுக்கம் உள்ளவர் ஆகியோருக்கு இதுவே சரி.

## சின்ன ஹைப்ரிட்

முதலில் ஒரு எச்சரிக்கை. பின்னால் ஹைப்ரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மைல்டு ஹைப்ரிட் என்பதில் ஒரு சின்ன மோட்டார் இன்ஜினுக்குத் தோள் கொடுக்கும், தனியாகச் சக்கரத்தை ஓட்டாது. சேமிப்பும் அதற்கேற்பச் சொற்பம். நான் இங்கே பேசுவது முழு ஹைப்ரிட்டை. 1997இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் காட்டிய வழி அது. மெதுவாகப் போகும்போது இன்ஜின் அணைந்து, மோட்டார் மட்டும் ஓட்டும்.

இது எங்கிருந்து மிச்சம் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிது. சாதாரணக் காரில் பிரேக் பிடித்தால் ஓட்டத்தின் ஆற்றல் முழுவதும் சூடாகி வீணாகிறது. ஹைப்ரிட்டில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நிற்கும்போது இன்ஜின் ஓடாது. இன்ஜினும் அட்கின்சன் முறையில் வேலை செய்வது: இழுவை குறைவு, சிக்கனம் அதிகம். குறைந்த இழுவையை மோட்டார் ஈடுகட்டிவிடும். ஆக, எவ்வளவு பிரேக் பிடிக்கிறீர்களோ அவ்வளவு லாபம். பிரேக்கே பிடிக்காமல் நெடுஞ்சாலையில் போனால் திரும்பப் பிடிக்க ஆற்றல் எங்கே இருக்கிறது?

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,000 கி.மீ. முழுக்க நெரிசல் என்றால் பெட்ரோல் கார் லிட்டருக்கு 14, ஹைப்ரிட் 24. அதாவது 714 லிட்டர், 417 லிட்டர். கிட்டத்தட்ட 300 லிட்டர் மிச்சம். முழுக்க நெடுஞ்சாலை என்றால் 21, 23. அதாவது 476, 435. மிச்சம் 40 லிட்டர் சொச்சம். உங்கள் ஓட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கிடைத்த லிட்டரை உங்கள் ஊர் விலையால் பெருக்குங்கள். இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தை அதனால் வகுத்தால், போட்ட காசு திரும்ப எத்தனை வருடம் என்று வந்துவிடும். அந்த எண் நீங்கள் காரை வைத்திருக்கப் போகும் காலத்தைவிடப் பெரிதாக இருந்தால் சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் காசுக்கு வெளியே ஒன்று இருக்கிறது. நெரிசலில் ஹைப்ரிட் ஓட்டுவது சுகம். கிளட்ச் இல்லை, அதிர்வு இல்லை, சத்தமில்லாமல் நகர்கிறது. தினமும் நெரிசலில் மாட்டிக்கொள்பவருக்கு இதுவே போதுமான காரணம். அதைச் சேமிப்பு என்று சொல்லி வீட்டில் நியாயப்படுத்த வேண்டியதில்லை.

மறைசெலவு: பெரிய பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் மிகை. அதைவிட 12 வோல்ட் குட்டி பேட்டரிதான் தொல்லை தரும். வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் அது இறங்கிவிடும். அது இல்லாமல் கணினி விழிக்காது, பெரிய பேட்டரி நிறைய இருந்தும் பயனில்லை. சில மாடல்களில் பின்சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று போகும் ஒரு துளை இருக்கும். அதைப் பையோ துணியோ வைத்து அடைக்கக் கூடாது, அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. வரவு பக்கம், பிரேக் பேட் நீண்ட நாள் வரும்.

## சின்ன மின்சாரக் கார்

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 20 கி.மீ. ஓடும் கார் 100 கி.மீ.க்கு 45 யூனிட்டை எரிக்கிறது, அதில் பெரும்பகுதி சூடாகப் போகிறது. அதே அளவு மின்சாரக் கார் 13 யூனிட் சுமாரில் அந்தத் தூரத்தை முடித்துவிடும். சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒரு குறுக்குக் கணக்கு: உங்கள் ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோல் விலை, மூன்று யூனிட் மின்சார விலையைவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவு உங்கள் லாபம். வீட்டு மின்சாரத்துக்கு இந்தக் கணக்கு அநேகமாக எங்கும் ஜெயிக்கும். பொது இடத்து வேக சார்ஜருக்கு யூனிட் விலை பல மடங்கு இருக்கலாம், அங்கே கணக்கு தலைகீழாகவும் ஆகலாம். அதனால்தான் இரவில் கார் எங்கே நிற்கும் என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். சொந்த பிளக் இல்லாதவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஓட்ட அருமை. மிதித்ததும் இழுவை, சத்தம் இல்லை, கியர் இல்லை. சின்ன கார்களில் எதை ஓட்டினால் சிரிப்பு வரும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தூரம்தான் இடிக்கும். சின்ன காரில் பேட்டரியும் சின்னது. 25 யூனிட் பேட்டரி என்றால் காகிதத்தில் 190 கி.மீ. ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் வேக சார்ஜர் மந்தமாகிவிடும், 10க்குக் கீழே யாரும் விடமாட்டார்கள். நடுவில் மிஞ்சும் 70 சதவீதத்தில் ஊருக்குள் 135 கி.மீ., நெடுஞ்சாலை வேகத்தில் 100 சொச்சம். உறைபனிக் குளிரில் இன்னும் குறையும். வேக சார்ஜர் பொருத்தும் வசதியே இல்லாத சின்ன கார்களும் உண்டு, வாங்குமுன் கேட்டுவிடுங்கள். 230 வோல்ட் சாதாரண பிளக்கில் இந்த பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப 12 மணி நேரம் ஆகலாம். இரவில் ஓரளவு நிரப்பினாலே மறுநாளைக்குப் போதும் என்பதால் அது பெரிய குறை அல்ல.

ஆயில் மாற்றும் வேலை இல்லை. ஆனால் வண்டி கனம், இழுவையும் உடனடி. அதனால் டயர் சீக்கிரம் தேயலாம். வீட்டில் தனி வயரிங் தேவைப்பட்டால் அதுவும் செலவு. இன்சூரன்ஸையும் முன்கூட்டியே விசாரியுங்கள். பேட்டரிக்கு எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம் என்பதோடு, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்து, தினசரி ஓட்டத்துக்கு இன்னொன்று வேண்டும் என்றால் இதை அடிக்க ஆள் இல்லை. இரண்டு மூன்று கிலோமீட்டர் துண்டு ஓட்டங்களுக்கும் இதுவே. பெட்ரோல் இன்ஜின் சூடேறும் முன்னாலேயே அணைக்கப்படுவதுதான் மைலேஜுக்கும் இன்ஜினுக்கும் கேடு. மோட்டாருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

## டீசல், கேஸ், பழைய கார்

சின்ன டீசல் கார்கள் அருகிவிட்டன. கிடைத்தாலும் தினமும் நீண்ட தூரம் ஓட்டுபவருக்குத்தான். குறுகிய ஓட்டத்தில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதைச் சரிசெய்யும் செலவில் சேமித்ததெல்லாம் போகும். சி.என்.ஜி. என்றால் டிக்கியின் பெரும்பகுதியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். அதோடு, அந்த மைலேஜ் கிலோவுக்குச் சொல்லப்படுவது. ஒரு கிலோ கேஸில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றல் உண்டு. எண்ணை நேரடியாக ஒப்பிடாமல் காசாக மாற்றி ஒப்பிடுங்கள்.

இருக்கும் காரையே ஓட்டுவதும் ஒரு தேர்வுதான், யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. லிட்டருக்கு 15 ஓடும் பழைய கார் 10,000 கி.மீ.க்கு 667 லிட்டர் குடிக்கிறது. 20 ஓடும் புதிய கார் 500. மிச்சம் 167 லிட்டர். புதிய கார் ஷோரூமை விட்டு வெளியே வந்த முதல் வருடத்திலேயே இழக்கும் மதிப்பு இதைவிடப் பன்மடங்கு. பழைய கார் அடிக்கடி செலவு வைக்கிறது, பாதுகாப்பு வசதி போதவில்லை, நிறுத்த இடமில்லை என்றால் மாற்றுங்கள். பெட்ரோல் மிச்சத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சின்ன பெட்ரோல் | முழு ஹைப்ரிட் | மின்சாரம் |
|---|---|---|---|
| 10,000 கி.மீ., கலப்பு ஓட்டம் | சுமார் 500 லிட்டர் | சுமார் 425 லிட்டர் | சுமார் 1,500 யூனிட் |
| நெரிசல் | சுமார் | மிக நன்று | மிக நன்று |
| நெடுஞ்சாலை | நன்று | நன்று | தூரம் தடை |
| துண்டு ஓட்டம் | மோசம் | சுமார் | மிக நன்று |
| நான்கு பேர், மேடு | திணறும் | சமாளிக்கும் | எளிது |
| மறைசெலவு | ஸ்டெப்னி, தனி வகை பேட்டரி | கூடுதல் விலை, 12 வோல்ட் பேட்டரி | வயரிங், டயர், இன்சூரன்ஸ் |
| அவசியத் தேவை | எதுவும் இல்லை | தினசரி நெரிசல் | சொந்த பிளக் |

## சோதனை ஓட்டத்தில்

ஷோரூம் ஆள் காட்டும் வழியிலேயே போய்த் திரும்பாதீர்கள். வழக்கமாக ஏறுபவர்கள் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியை முழுதாக வைத்து, ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். பின்சீட்டில் நீங்களே உட்கார்ந்து, வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் எந்த வகை என்று கேளுங்கள். ஏ.எம்.டி. (சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றும் வகை) என்றால் கியர் மாறும்போது ஒரு தயக்கம் இருக்கும், அது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று நெரிசலில்தான் தெரியும். கடைசியாக, டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இல்லையென்றால், தனியாக வாங்கி வைக்க அங்கே இடமாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.